வேறு ஆள் உண்டா?

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம்தான். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை விழுங்குகிறாளா, இல்லை இன்னமும் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு நம்மை ஏமாற்றுகிறாளா?

போன் பண்ணினால் எடுப்பதே இல்லை என்று போன கடிதத்தில் கோபித்திருந்தாய். பட்டாணி தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. அப்போது பேசினால் விழித்துக்கொள்கிறாள். எழுதுவது சத்தமில்லாத வேலை.

போன வாரம் அவளை டாக்டரிடம் காட்டினேன். மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு முழங்காலையும் மெல்ல விரித்துப் பார்த்தார். துருப்பிடித்த கத்தரிக்கோல் மாதிரி பாதியில் நின்றுவிட்டது. "பிறக்கும்போது மூளைக்குக் காத்து போகாததால வந்தது. அதை மாத்த முடியாது. ஆனா இடுப்பைக் காப்பாத்தலாம்மா. பழகின கை தினமும் பிடிச்சு நீட்டிவிடணும். இந்த வருஷத்தைக் கோட்டை விட்டீங்கன்னா இடுப்பெலும்பு குழியிலிருந்து நழுவ ஆரம்பிச்சுடும். அப்புறம் கத்திதான்" என்றார். மூன்று வயதுக் குழந்தையின் முன்னால் கத்தி என்று சொல்லலாமா? அவள் சிரித்தாள். 'தி' என்று முடிகிற சொல் எதுவானாலும் அவளுக்குச் சிரிப்பு.

மாற்றுத்திறனாளிகள் சேவைத் திட்டத்தில் பதிந்துவிட்டால் பயிற்சி இலவசம் என்று அவரே சொன்னார். நேற்று களப்பணியாளர் வந்தார். தோளில் பெரிய பை, பை நிறையத் தாள். தெருவில் அவருக்குப் பையண்ணன் என்றே பெயர். நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து, "பொறுமையா எழுதி வைங்கம்மா, அடுத்த தடவை வாங்கிக்கிறேன்" என்று போய்விட்டார். பிறந்த தேதி, வீட்டில் பேசும் மொழி, தாயின் படிப்பு, மாடி வீடா, தரை வீடா, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்... எனக்குக் கல்யாணம் பேசியபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை.

இந்த மாதிரித் தாள்களைத்தானே நீ நாள் முழுக்கப் பார்க்கிறாய்? எதை எப்படி எழுதினால் சீக்கிரம் கிடைக்கும், சொல்லேன். உன் பதில் வந்த பிறகுதான் பேனாவைத் தொடுவேன்.

உன் வாலு


ஜனவரி 20

அருமை வாலுவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். கழுத்து மட்டும் யாருடையதோ மாதிரி தனியாக இருக்கிறது. தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு மருந்துக்கடையே வைக்கலாம். கேட்டால், "அது எப்பவோ வச்சதுடி" என்கிறாள்.

நீ எழுதப்போகிற தாள் யார் மேஜைக்கு வரும் என்று நினைக்கிறாய்? உன் வட்டாரம் முழுவதும் இந்த வருடத்திலிருந்து என் பொறுப்பு! பையண்ணன் அனுப்புவதை நான்தான் கணினியில் ஏற்றுகிறேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு அது அப்படியே நின்றுவிடும். அப்படி நின்ற தாளைத் தூங்கும் கூடையில் போடவேண்டும். எங்கள் ஆபீசில் அதற்கு அதுதான் பெயர். அதில் விழுந்த பிள்ளையை அப்புறம் யாரும் எழுப்ப மாட்டார்கள். மற்ற மேஜைகளில் கூடை நிரம்பி வழிகிறது, என்னுடையது மட்டும் காலி. அதனால் மேலாளர் எனக்குப் 'பூஜ்யம்' என்று பட்டம் கொடுத்திருக்கிறார். எல்லோர் முன்னாலும், "பூஜ்யம், கொஞ்சம் வாங்க" என்கிறார். புதிதாக வருகிறவர்கள் என்னை என்னவென்று நினைப்பார்கள், சொல்.

எதை எழுதினால் கிடைக்கும் என்று மட்டும் கேட்காதே. சில கேள்விகளுக்கு எடை அதிகம். எவை என்று வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் எல்லோரும் அதற்குத் தகுந்தபடி எழுதுவார்கள், நிஜமாகவே தவிக்கிறவள் வரிசையில் பின்னால் போய்விடுவாள். தங்கைக்கும் அதே சட்டம்தான். முறைக்காதே. உள்ளதை எழுது, எல்லாவற்றையும் எழுது, போதும்.

மாப்பிள்ளை என்ன செய்கிறார்? அவர் கொட்டாவி விட்டால் எதிர்வீட்டு நாய் இன்னும் குரைக்கிறதா? அம்மா வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றபோது நான் சண்டை போட்டு முடித்துவைத்த மாப்பிள்ளை என்று இங்கே ஒருத்தர் விடாமல் சொல்லிப் பெருமையடிக்கிறேன். அடுத்த கடிதத்தில் அவரையும் ஒரு வரி எழுதச் சொல்.

பட்டாணியின் இரண்டு உள்ளங்காலுக்கும் என் முத்தம்.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தை உன் கடிதத்தில் பார்த்தேன்.

படிவத்தைப் பையண்ணனிடம் கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் தன் மகனுக்காக வாங்கியிருந்தாள். எழுத வராது என்பதால் நான் படித்துச் சொல்ல, அவள் பதில் சொல்ல, எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்விக்கு வாயைத் திறக்கவில்லை. "அதை விட்டுடு கண்ணு, அடுத்ததைப் படி" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார். வந்ததும் எழுதச் சொல்கிறேன்.

அச்சகத்திலிருந்து பிழை திருத்த ஒரு கட்டு வந்திருக்கிறது. கணக்குப் புத்தகம். ஒருவன் தினமும் இரண்டு வாளித் தண்ணீர் தூக்கினால் என்று தொடங்குகிறது. எனக்கு அதைப் படித்ததும் தோள் வலித்தது.

சீக்கிரம் நல்ல செய்தி அனுப்பு.

வாலு


பிப்ரவரி 27

கவனமில்லாத கழுதைக்கு,

முதலில் நல்ல செய்தி. பட்டாணிக்குக் கிடைத்துவிட்டது! உங்கள் வட்டாரப் பயிற்சி மையத்தில் வாரம் மூன்று நாள். கடிதம் தனியாக வரும், அதற்கு முன்னால் என் கடிதம் வரட்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். அம்மாவிடம் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கு மாத்திரையை என் கண் முன்னால் விழுங்கினாள்.

இப்போது திட்டு. பிழை திருத்துகிறவளாம், புள்ளியியல் படித்தவளாம்! 'குழந்தையைத் தூக்க வீட்டில் வேறு ஆள் உண்டா' என்ற கேள்வியில் உண்டு, இல்லை இரண்டில் எதையும் சுழிக்காமல் அனுப்பியிருக்கிறாய். சிவப்புக் கோடு வந்து நின்றது. பையண்ணனுக்குத் திருப்பி அனுப்பினால் அது ஆடி அசைந்து வர மாதக் கணக்காகும். அதுவரை பட்டாணி கூடையில் தூங்கவேண்டியதுதான். ஆறடி மாப்பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு இதென்ன கேள்வி என்று சிரித்தபடி நானே 'உண்டு' போட்டேன். கோடு மறைந்தது.

நிறையப் பேர் இப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். யாரும் வேண்டுமென்று விடுவதில்லை, அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். பாவம், ஒரு கட்டத்துக்காகப் பிள்ளைகள் கூடையில் கிடக்கவேண்டுமா?

மாப்பிள்ளை ஊரிலிருந்து வந்தாரா? முதல் நாள் பயிற்சிக்கு மூன்று பேருமாகப் போங்கள். யார் கண்ணும் படாமல் இருக்கட்டும்.

உன் வெற்றிகரமான அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. அம்மாவும் நீயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மையம் நன்றாக இருக்கிறது. இரண்டு பஸ் மாறவேண்டும். மையம் மாடியில். லிப்ட் இருக்கிறது, பழுது. அதன் கதவுக்கு முன்னால் பூந்தொட்டி வைத்துத் தண்ணீரும் ஊற்றுகிறார்கள். அதைப் பார்த்ததும்தான் பழுது நிரந்தரம் என்று புரிந்தது.

பயிற்சி கொடுக்கிற பெண் தங்கமானவள். அவள் கைபட்டால் பட்டாணியின் கால், காலையில் விறைப்பாகவும் மதியம் இளக்கமாகவும் இருக்கிறது. போன வாரம் அவளை என் இடுப்பில் சரியாக, இரண்டு பக்கமும் கால் தொங்க உட்காரவைத்துக் காட்டினாள். பட்டாணிக்கு உலகமே மாறிவிட்டது. அதுவரை கூரையையும் என் தாடையையும்தானே பார்த்திருந்தாள்! பஸ்ஸில் ஒருவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிவிட்டாள்.

அந்தப் பெண் சொன்னாள், வாரம் மூன்று நாள் தவறாமல் வரவேண்டும், ஒரு வாரம் விட்டால் மூன்று வாரம் பின்னால் போகும் என்று. வருகிறேன் என்றேன்.

படியில்தான் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. மற்ற வீடுகளில் தகப்பன் தூக்க, தாய் பையோடு பின்னால் வருகிறாள். ஒரு பெரியவர் கேட்டார், "ஏம்மா, வீட்டுக்காரர் வரலையா?" வேலை என்றேன். "என்ன வேலையோ போ! பொண்ணு கனக்கிறா பாரு" என்று பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சில குழந்தைகளுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பார்களாமே. அது யாருக்கு, அக்கா?

பட்டாணி உன் போட்டோவைப் பார்த்து 'தி' என்கிறாள். ஏன் என்று தெரியவில்லை.

வாலு


ஜூலை 3

வாலுவுக்கு,

நீ சுகமா என்று கேட்கக்கூட எரிச்சலாக இருக்கிறது. ஏப்ரலுக்குப் பிறகு ஒரு வரி இல்லை. அம்மா தினமும் தபால்காரரின் மணிச்சத்தத்துக்கு எழுந்து உட்காருகிறாள்.

இன்று அரையாண்டுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பட்டாணியின் பெயருக்கு எதிரே 'தாமாக விலகியவர்' என்று இருக்கிறது. முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். பிறந்த தேதியைப் பார்த்தேன். பக்கத்து நாற்காலிக்காரர், "என்ன பூஜ்யம், முகம் இப்படிப் போச்சு?" என்றார். என் தங்கை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

எத்தனை பேர் அந்த இடத்துக்குக் காத்திருக்கிறார்கள் தெரியுமா? டாக்டர் இந்த வருடம், இந்த வருடம் என்று சொன்னாரே, அதை நீதானே எனக்கு எழுதினாய்? உன்னால் முடியாவிட்டால் மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு போகட்டும். அரைநாள் லீவு போட்டால் குடியா முழுகிவிடும்? வீட்டுக்கே வருவது யாருக்கு என்று கேட்டிருந்தாய். தெரிந்தேதான் பதில் எழுதவில்லை. அது உன் வீட்டைப் போன்ற வீடுகளுக்கு இல்லை. உனக்கு மேல் கஷ்டப்படுகிறவர்களுக்கு.

நானே அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்று போன் போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. எண்ணை மாற்றினால் சொல்லமாட்டீர்களா?

உடனே பதில் போடு.

அக்கா


ஜூலை 9

அக்கா,

நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன்.

அந்த எண் போன அக்டோபரிலிருந்து அப்படித்தான் சொல்கிறது. "ரெண்டு நாள்ல வந்துடறேன், பிள்ளையைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை ஒன்றும் இல்லை. சாயங்காலம் துணி மடித்துவைக்க அலமாரியைத் திறந்தேன். குளிருக்குப் போடும் சட்டை இல்லை. படிப்புச் சான்றிதழ்கள் வைத்திருந்த உறை இல்லை. இரண்டு நாளைக்குப் போகிறவருக்குச் சான்றிதழ் எதற்கு?

உனக்கு எப்படி எழுதுவேன்? அம்மாவோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்து நீ முடித்துவைத்த கல்யாணம். ஒவ்வொரு கடிதத்திலும் அவருடைய கொட்டாவியை விசாரிக்கிறாய்.

அந்தக் கேள்வியை நான் மறந்துவிடவில்லை. பேனாவை 'இல்லை'யின் மேல் வைத்தேன். எடுத்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தா படிக்கிற தாளாக இருந்தால் சுழித்திருப்பேன். அவருக்கு என்ன, படித்துவிட்டு டீ குடிக்கப் போவார். என் மேஜைக்குத்தான் வரும் என்று நீ சந்தோஷமாக எழுதியிருந்தாயே. 'உண்டு' என்று பொய் எழுதவும் கை வரவில்லை. அதனால் இரண்டையும் விட்டேன். நீ நிரப்பிவிட்டதாகக் கடிதம் வந்த அன்று, இனி சொன்னால் உனக்கு ஆபீசில் கெட்ட பெயர் என்று ஒரு சாக்கு கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

மே மாதம் மையத்துப் படியில் முதுகு பிடித்துக்கொண்டது. அவளைக் கீழே போடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு போக முடியவில்லை. அந்தப் பெண் காட்டிக்கொடுத்தபடி வீட்டில் நானே காலை நீட்டிவிடுகிறேன். சரியாகச் செய்கிறேனா, கெடுத்துக்கொண்டிருக்கிறேனா, தெரியவில்லை. அழுகிறாள்.

இப்போது 'இல்லை' என்று மாற்றினால் வீட்டுக்கு வருவார்களா? சட்டத்தை விட்டுத்தள்ளி இதை மட்டும் சொல்.

அம்மாவுக்குத் தெரியவேண்டாம்.


ஆகஸ்ட் 21

வாலுவுக்கு,

இருவரும் சுகம். தாமதத்துக்குக் காரணம் வேலை.

திருத்த மனு போட்டிருக்கிறேன். ஏற்றிய பதிவை நானாக மாற்ற முடியாது. களப்பணியாளர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அடுத்த மாதத் தொடக்கத்தில் வருவார். வெளியே போகாமல் இரு.

ஆம், வருவார்கள். எடை அதிகம் என்றேனே, அந்தக் கேள்விதான்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்கா


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கழுத்துக்கும் ஒத்தடம் நல்லது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பையண்ணன் நேற்று வந்தார். கண்ணால் பார்த்துத்தான் எழுதவேண்டுமாம். வாசலில் செருப்பைப் பார்த்தார். கொடியில் துணியைப் பார்த்தார். குளியலறையில் தலையை நீட்டினார்.

"ஷேவிங் செட்டு இருக்கான்னு பாக்கறீங்களா?" என்றேன்.

"மன்னிச்சுக்கம்மா, ரூல்" என்று தலையைக் குனிந்துகொண்டார். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பார்க்க நிம்மதியாகத்தான் இருந்தது.

எப்போதிலிருந்து வீட்டுக்கு வருவார்கள் என்று கேட்டேன். அவர் பையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். பையண்ணன் எங்கேயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"வீடு வீடா போற பொண்ணை ஜூலையிலயே வேற வட்டாரத்துக்கு மாத்திட்டாங்கம்மா."

"ஏன்?"

"இல்லைன்னு எழுதினவங்க ஒரு வட்டாரத்துல பதினஞ்சு வீடாவது இருந்தாத்தான் ஆள் போடுவாங்க. இங்க நாலே வீடு. நான் மேல கேட்டேன், இது சரியா இருக்குமான்னு. அவங்க திருப்பிக் கேட்டாங்க, ரெக்கார்டு முழுசா இருக்கான்னு. முழுசா இருக்கு. ஒரு கட்டம்கூடக் காலி இல்ல. அப்புறம் நான் என்னத்தைப் பேசறது?"

தையல்காரம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னது, நாலு வீடா? எங்க தெருவுலயே நாலு இருக்கே. மத்த தெருவுல எல்லாம் ஆம்பளைங்க பிள்ளையைத் தூக்கிட்டு அலையறாங்களாக்கும்!"

"அதான் எனக்கும் புரியலம்மா. நான் தாளை வாங்கும்போது அந்தக் கேள்வியை நெறைய பேர் காலியா விட்டிருந்தாங்க. நீங்ககூட விட்டிருந்தீங்க."

"பின்ன என்ன எழுதச் சொல்றே? ஆளு இருக்கு, காலையிலயே ஊத்திக்கிட்டுக் கிடக்கு. அது உண்டா, இல்லையா? நீயே சொல்லு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. அவளும் சிரித்தாள். அப்புறம் அவள் நிறுத்தவில்லை, வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். முனை வீட்டுக்காரியின் கணவன் ஜெயிலில், அதை எந்தத் தாளில் எழுதுவாள்? இஸ்திரி போடுகிறவளுக்கு மாமியார் இருக்கிறாள், ஆனால் மாமியாரையே தூக்க ஆள் வேண்டும். ஒவ்வொருத்தியும் அந்தக் கேள்விக்கு வந்ததும் பேனாவைத் தாளிலிருந்து எடுத்திருக்கிறாள்.

கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்தார்கள், காலியாக விடுவதும் ஒரு பதில், அதைத் தனியாக எண்ணவேண்டும் என்று. பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன்.

உன் மேஜையில் கூடை எப்போதும் காலி என்று எழுதியிருந்தாய். நான் எதுவும் கேட்கவில்லை.

பட்டாணிக்கு இரண்டு நாளாக ஜலதோஷம். வேறு விசேஷமில்லை.

வாலு


நவம்பர் 16

வாலுவுக்கு,

நீ கேட்காததற்குப் பதில் எழுத இவ்வளவு நாளாயிற்று. நடுவில் எழுதிக் கிழித்தவற்றைச் சொல்லிப் பயனில்லை.

நான்தான். உன் வீட்டுக்கு மட்டுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி வாங்கிக்கொண்டு போய்ப் பழைய தாள் கட்டுகளைப் பிரித்தேன். தாளில் காலி, கணினியில் 'உண்டு'. அடுத்ததும் அப்படி. பெரும்பாலான வீட்டில் ஆள் இருக்கும்தானே என்று போட்டிருக்கிறேன். எல்லாம் என் கையால், அந்தப் பிள்ளைகள் தூங்கிப்போய்விடக் கூடாது என்று. எத்தனை என்று உனக்கு எழுதமாட்டேன். பதினைந்தைத் தாண்டிய பிறகும் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று மட்டும் வைத்துக்கொள்.

கட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேலாளரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். "நல்லதுதானே பண்ணியிருக்கீங்க, பூஜ்யம்? ஒரு பிள்ளையாவது விட்டுப்போச்சா? இப்ப போய் எல்லாத்தையும் தட்டி எழுப்பினா நம்ம ரெக்கார்டே அரைகுறைன்னு ஆயிடும். அரைகுறை ஆபீசுக்கு அடுத்த வருஷம் யார் ஆள் கொடுப்பா? இருக்கிற மையமும் போயிடும். கணக்கு மூடியாச்சும்மா. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி எடுப்பாங்க, அப்ப ஒழுங்கா எழுதுங்க."

அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

இருந்தாலும் எழுத்துமூலம் மேலே அனுப்பினேன். அனுப்பியதற்குப் பதிலாக என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். என் நாற்காலியில் ஒரு புதுப் பெண். படு சுறுசுறுப்பு. நேற்று அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அவள் கூடையும் காலி. "நீங்க வச்ச பேரைக் காப்பாத்தணும்ல அக்கா" என்றாள்.

உன் பதிவு திருத்தப்பட்டுவிட்டது. 'இல்லை' என்று இருக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாம் என்றாய், என்னால் முடியவில்லை. அப்போதே சொன்னேனே என்று திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

லீவு கேட்டிருக்கிறேன். ஒரு வாரம் கிடைக்கும். வரலாமா? பட்டாணியை ஒரு முறையாவது நான் தூக்கவேண்டும்.

அக்கா


நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவாய் என்ற கவலையோடு எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துவிட்டு வா.

போன திங்கட்கிழமை பட்டாணிக்குப் படம் எடுத்தோம். டாக்டர் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வலது பக்கம் எலும்பு குழிக்குள் இருக்கிறது. இடது பக்கம் வெளியே வந்துவிட்டது. எனக்கே தெரிந்தது, அவர் விரலை வைத்துக் காட்டவேண்டிய அவசியமில்லை. "வீட்டுக்கு யாரும் வரலையா?" என்றார். வரவில்லை என்றேன். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். வரிசை நீளம். செய்தாலும் வலி குறையலாம், சாய்ந்து உட்காரலாம், அதற்குமேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்றார். அவர் கத்தி என்று சொல்லவில்லை. ஆபரேஷன் என்றார். அவள் சிரிக்கவில்லை.

தையல்காரம்மாவின் மகனுக்கு முதுகு கூன ஆரம்பித்திருக்கிறது. அவளிடம் நீ யார் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. நீ வரும்போது அவள் வந்து உட்கார்ந்து பேசுவாள். ரெக்கார்டு எழுதினவளைக் கண்டபடி திட்டுவாள். பேசாமல் கேட்டுக்கொள்.

உன்மேல் கோபமில்லை என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். கோபம் என்று எழுதியதையும் அடித்துவிட்டேன். பாதித் தப்பு என்னுடையது என்று சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் எந்தப் பாதி என்று தெரியவில்லை. நான் ஒரு சுழி சுழித்திருந்தாலும் ஐந்து வீடுதான் ஆகியிருக்கும் என்று ஒரு நாள் கணக்குப் போடுகிறேன். அடுத்த நாள் அந்தக் கணக்கில் நம்பிக்கை போய்விடுகிறது. இதைப் பற்றி நீ எதையும் ஊகித்துக்கொள்ளாதே. நேரில் வரும்போதும் கேட்காதே.

வா. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்தால் கூட்டம் இருக்காது. அன்று மதியம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

அவளைத் தூக்கும் விதத்தை எழுதிவிடுகிறேன். வந்த வேகத்தில் ஆசையாக இடுப்பில் வைத்துவிடாதே. இப்போது கால் விரிவதில்லை, உயிர் போகிற மாதிரி கத்துவாள். ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை முழங்காலுக்கு அடியில். இரண்டு கையாலும் குறுக்கே ஏந்தவேண்டும், விறகுக்கட்டு மாதிரி. தலை உன் இடது பக்கம் வரட்டும், அந்தப் பக்கம்தான் அவளுக்குப் பிடிக்கும். நிமிரும்போது முழங்காலை மடக்கி நிமிர், முதுகை நம்பாதே. கனப்பாள். நான் தூக்கினால் இரண்டு கையும் போய்விடுகிறது, அவளை மறுபடி கட்டிலில் போட்டுவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் திறக்கிறேன். சில நாள் அதற்குள் தெம்பு போய், அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.

சனிக்கிழமை நீ தூக்கு. நான் முன்னால் போய்க் கதவைத் திறக்கிறேன்.

வாலு